புகைவீட்டில் பழுத்த அன்னாசி

ஆனி பிறந்தால் எனக்கு இன்னும் வாயில் தண்ணீர் ஊறும். பல் பாதி போய்விட்டது. ரம்புட்டான் சதையைக் கொட்டையிலிருந்து கடித்துப் பிரிக்க முடிவதில்லை. சப்பித் துப்புகிறேன். உங்களில் நிறையப் பேருக்கு இப்போது அந்தக் கதிதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இளசுகளிடம் சொன்னால் ஒரு பழத்துக்கு இவ்வளவு கதையா என்பார்கள்.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லைப் பக்கம். மலையில் றப்பர், பள்ளத்தில் ஆறு. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சிங்களக் கிராமம். அந்தப் பள்ளத்தில் விளையாத பழம் கிடையாது. ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், பலா, அம்பரல்லா எல்லாம் ஒரே மழையில் பழுக்கும். எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றால் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவோம். துரியன் வாசம் என்றால் ஆற்றுப் பக்கம். பலா என்றால் கோயில் பக்கம்.

வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது, இல்லாவிட்டால் பத்து. அந்த வருசம் மழை விடவில்லை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வேலை இல்லை, அன்றைய கூலிக்குப் பேரும் விழாது. பெரியவர்கள் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். எங்களுக்கு அது நல்ல காலம். வெட்டு இல்லாத நாளில் அம்மா வீட்டில் இருப்பாள். கூப்பன் அரிசி தீர்ந்த வாரங்களில் பலாதான் சோறு. சுளையை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு, காரமான கொச்சிக்காய்ச் சம்பலோடு தின்போம். கொட்டையை அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்தால் ராஜா வீட்டுப் பலகாரம். வெடிக்கும்போது தங்கச்சி காதைப் பொத்திக்கொள்வாள்.

ரம்புட்டானுக்குக் கிராமத்துக்குப் போவோம். திருடப் போகவில்லை. ஆற்றோரத்து வீடுகளில் பழம் பறிக்கிற நாளில் கீழே நின்று பொறுக்கிக் குவித்துக் கொடுத்தால் உடைந்த குலையெல்லாம் எங்களுக்கு. மங்குஸ்தான் தோலை நசுக்கினால் கை ஊதா நிறமாகிவிடும். இரண்டு நாளைக்குப் போகாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையைப் பார்த்தே முதல் நாள் யார் யார் பழம் பொறுக்கப் போனது என்று கண்டுபிடிப்பார்.

பனை மாதிரியான கித்துள் மரம் ஏறிக் கள் இறக்குகிற ஒருவர் அங்கே இருந்தார். காலையில் இறக்கியது புளித்திருக்காது. நாங்கள் அதை இனிப்புக் கள் என்போம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிரட்டை தருவார். நான் என் சிரட்டையைக் கொண்டுபோவேன். மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த பழைய சிரட்டை அது, உள்ளே கண்ணாடி மாதிரித் தேய்ந்திருக்கும். அப்படி ஒன்றை இப்போது எங்கே தேடுவேன். அந்த மனுசன் அதில் மட்டும் ஊற்ற மாட்டார். எனக்கென்று தன் வீட்டுச் சிரட்டை ஒன்றைத் தனியாக வைத்து அதில் தருவார். சாதி பார்க்கிறார் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் குடித்தேன். அந்த இனிப்புக்கு ரோசம் பார்க்க முடியாது.

புளித்த கள்ளுக்கு எங்கள் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். ஒரு வாய் குடித்துவிட்டு எந்த மரத்துக் கள் என்று சொல்வார். பாறைமேல் நிற்கிற மரத்துக் கள் துவர்க்குமாம். ஓடைக்கரை மரத்துக் கள் தண்ணீராக இனிக்குமாம். வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அப்போது யாரும் பேசக் கூடாது.

அந்த வருசம் மேல்மலையில் கிழட்டு றப்பரை வெட்டிப் புதுக் கன்று வைத்து ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. கன்று வளர்ந்து நிழல் கட்ட நாலைந்து வருசம் வேண்டும். அதுவரை வரிசைக்கு நடுவே அன்னாசி வைத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லியிருந்தார். அவருக்குப் புல் வெட்டுகிற ஆள்கூலி மிச்சம். ஒரு குடும்பத்துக்கு மூன்று வரிசை. எங்கள் மூன்று வரிசையும் பெரியப்பா பேரில். நட்டது அம்மா. பால் வெட்டி, வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, அந்த வெயிலில் மேலே ஏறுவாள். அன்னாசி இலையில் வாள் மாதிரி முள் இருக்கும். அம்மாவின் காலில் முழங்கால் வரைக்கும் கோடு கோடாக இருந்தது.

இப்போது அது காய்த்து நின்றது. ஒரு புதன்கிழமை பெரியப்பா லயத்தில் எங்கள் அறைக்கு, எங்கள் காம்பராவுக்கு வந்தார்.

அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். புருசனின் அண்ணனோடு பேசுவது மரியாதை இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா அடுப்பங்கரையில், பெரியப்பா வாசலில், நான் நடுவில். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"திங்கக்கிழம லொறிக்காரன் வர்றான். அன்னாசிய செடியோட அவனுக்கே பேசிட்டேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, லொறிக்காரன்..."

"கேட்டிச்சி. யாரக் கேட்டுப் பேசுனாருன்னு கேளு."

"பெரியப்பா, யாரக் கேட்டு..."

"யாரு பேர்ல இருக்குன்னு கேளு."

"நட்டது யாருன்னு கேளு. முள்ளு கிழிச்சது யாரு காலுன்னு கேளு."

திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து வலித்தது. பெரியப்பா, "இவ்வளவு பழத்த வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறாளாம்?" என்றார்.

"பொலவுல வச்சி நானே விக்கிறேன்னு சொல்லு."

வாரச் சந்தையைப் பொல என்றுதான் நாங்களும் சொல்வோம். சிங்களச் சொல் வாயோடு ஒட்டிவிட்டது.

"நம்ம வீட்டுப் பொம்பள சந்தையில குந்துறதா? பஜார்ல எல்லாவனும் சிரிப்பான். சிங்களம் தெரியுமா அவளுக்கு?"

"புள்ளைக்குத் தெரியும்னு சொல்லு," என்றாள் அம்மா. அந்தப் பிள்ளை நான்தான்.

அப்பா அதுவரை மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு ஞாயித்துக்கெழம பாப்பமேண்ணே," என்றார்.

பெரியப்பா யோசித்தார். "சரி. இந்த ஒரு ஞாயிறுதான். ஒரு பழம் திரும்பி வந்தாலும் மூணு வரிசையும் லொறிக்காரனுக்கு. கன்னு பெருசாகி நெழலு கட்டுற வரைக்கும் அவனுக்குத்தான். சொல்லு."

நான் சொன்னேன். அம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே, "சரின்னு சொல்லு," என்றாள்.

அவர் போன பிறகுதான் விசயம் தெரிந்தது. பழம் இன்னும் பச்சை. அடியில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. இன்னும் ஒரு வாரம் வேண்டும். ஞாயிறுக்கு நாலு நாள்தான் இருந்தது.

அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. றப்பர் பாலை உறைய வைத்து, ஷீட்டாக அழுத்தி, மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டுப் புகை ஏற்றுவார்கள். நாலைந்து நாளில் வெள்ளை ஷீட் தேன் நிறமாகிவிடும். அப்பா கண் எப்போதும் சிவந்திருக்கும். ஆனால் மழைக்காலத்தில் அப்பாதான் தோட்டத்திலேயே கதகதப்பான ஆள். எங்கள் பள்ளிக்கூடச் சட்டை காய்வதும் அங்கேதான்.

"வாழத்தாரு பழுக்க குழி வெட்டிப் பொக போடுறாங்கள்ல," என்றார் அப்பா. "எங்கிட்ட எவ்வளவு பெரிய குழி இருக்கு."

அம்மா அவரைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவர் இவ்வளவு நல்ல யோசனை சொன்னதில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

வியாழன் சாயங்காலம் நாற்பது பழத்தைச் சுமந்து போனோம். கீழ் வரிசை மூங்கிலில், ஷீட்டுக்கு அடியில் அடுக்கினார் அப்பா. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், பாராதது மாதிரிக் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை திறந்தோம். நாற்பதும் பொன். காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரே நிறம். அப்பா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மோந்துவிட்டு எனக்குக் கொடுத்தாள். நல்ல அன்னாசி வாசம்.

"எப்பிடி?" என்றார் அப்பா.

"ம்," என்றாள் அம்மா. அது அவளுக்குப் பெரிய பேச்சு.

ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டோம். அப்பா வர முடியாது, நெருப்பை விட்டு நகர முடியாது. ஆம்பிளைத் துணைக்குப் பெரியப்பா வந்தார். முடிவை நேரில் பார்க்கவும்தான் வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால். அம்மா தலையில் கூடையோடு இருபதடி பின்னால். நான் நடுவில் ஒரு பையோடு.

சந்தையைப் பற்றி என்ன சொல்வது. அந்த ஆனி மாதத்துச் சந்தை மாதிரி நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. ரம்புட்டான் குவியல் தீ மாதிரி இருந்தது. பக்கத்தில் மஞ்சள் ரம்புட்டான் தனியாக. மங்குஸ்தானைப் பச்சைக் காம்போடு கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். துரியனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கத்தியோடு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிக் காட்டினார். வெற்றிலைக் கட்டு, மிளகு, ஈரப் பலாக்கொட்டை, பனை ஓலையைப் போல நீண்ட கருவாடு. மழைத் தூறலில் எல்லா வாசமும் தரையோடு தவழ்ந்தது. நான் மூச்சை இழுத்து இழுத்து நடந்தேன்.

உள்ளே இடம் இல்லை. ஒவ்வொரு இடமும் ஒருவருடையது. சந்தைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு காண், அழுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால், ஓடியது. காணுக்கு அந்தப் பக்கம்தான் சந்தை, வரிக்காரர் சீட்டுக் கிழிப்பதும் அங்கே மட்டும்தான். நாங்கள் இந்தப் பக்கம், ரோட்டோரத்தில் சாக்கு விரித்தோம்.

"நான் பின்னால இருக்கேன்னு சொல்லு," என்று பெரியப்பா சொன்னார். பின்னால் என்றால் கள்ளுக்கடை.

அம்மா பழத்தை மூன்று வரிசையாக அடுக்கினாள். சந்தையிலேயே எங்கள் பழம்தான் நிறம். காணுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் ஆட்கள் தாண்டி வந்தார்கள். முதலில் ஒரு குடைக்காரர். குனிந்தார், ஒன்றை எடுத்தார், அடிப்பக்கத்தை மூக்கில் வைத்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்பறம் வாறேன், மகள்," என்றார் சிங்களத்தில்.

"அப்பறம் வர்றாராம்," என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்து ஒரு அம்மா. எடுத்தார், மோந்தார், வைத்தார். அவரும் அப்புறம் வருவதாகச் சொன்னார். பிறகு ஒரு புதுப் புருசனும் பெண்சாதியும். அவன் மோந்துவிட்டு அவளிடம் கொடுத்தான். அவளும் மோந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போய்ச் சிரித்தார்கள்.

அம்மா பார்த்துவிட்டாள். முந்தானையைச் சரி செய்தாள். என் தலையைக் கையால் வாரினாள். தோட்டத்து ஆள் என்று தெரிகிறதோ என்று நினைத்திருப்பாள். தெரியாமல் எப்படி இருக்கும்.

"நம்மளத்தான் சிரிக்கிறாளுக," என்றாள். அப்புறம் ஒவ்வொரு பழத்தையும் முந்தானையால் துடைத்து மறுபடி அடுக்கினாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் பெரியப்பா ஒரு தரம் வந்து பார்த்தார்.

"ஒன்னு கூடப் போகலியா?"

"இன்னும் நேரம் இருக்குன்னு சொல்லு."

அவர் குனிந்து ஒரு பழத்தை எடுத்து மோந்தார். மனுசருக்கு விளங்கவில்லை. "பழம் நல்ல பழந்தானே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம கையால வாங்க மாட்டானுங்க. அதுக்குத்தான் சொன்னேன்," என்றார். இதை அவர் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா காணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பழமும் மூன்று வரிசையும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

காணுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, ஒரு பாணிக்காரம்மா இருந்தார். கித்துள் கள்ளைக் காய்ச்சி எடுத்த பாணியும் கருப்பட்டியும் விற்பவர். காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். சிங்களத்தில்தான் பேசினார். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மகளே, புளிக்க வச்சி வினாகிரி போடவா விக்கிறீங்க?"

"இல்ல. தின்ன."

அவர் சிரித்த சிரிப்பில் பாணிப் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எழுந்து, சேலையைத் தூக்கிக்கொண்டு, காணைத் தாண்டி வந்தார். ஒரு பழத்தை எடுத்து என் மூக்கில் வைத்தார்.

"என்னா வாசம்?"

"அன்னாசி."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

தன் கூடையிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து வந்து மோந்து பார்க்கச் சொன்னார். பிறகு மறுபடி அன்னாசி. எனக்கு அன்னாசிதான் தெரிந்தது.

"றப்பர் நாத்தம்," என்றார். "றப்பரும் பொகையும். பழத்தில மட்டுமில்ல. ஒன் தலையிலயும்தான். அம்மாகிட்டயும்தான்." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரிச் சொன்னார்.

நான் திரும்பி, "அம்மா, நாம நாறுறமாம்," என்றேன்.

அம்மா தன் கையை மூக்கில் வைத்தாள். முந்தானையை வைத்தாள். என்னை இழுத்து உச்சியை மோந்தாள். ஒரு பழத்தை எடுத்து வெகுநேரம் மூச்சை இழுத்தாள்.

"எனக்கு ஒன்னும் தெரியலியே."

"எனக்கும்தாம்மா."

"எல்லாருக்கும் தெரியுமாமா?"

கேட்டேன். பாணிக்காரம்மா ரோட்டின் அந்த முனையைக் கையால் காட்டி, அங்கேயே தெரியும் என்றார்.

அம்மா அவமானப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இளகியது. "அப்பிடின்னா நம்மள வேணாங்கல," என்றாள். "பழத்தத்தான் வேணாங்குறாங்க."

அந்தச் சொல்லை நான் இப்போதும் நினைப்பேன்.

பாணிக்காரம்மா பழத்தை அழுத்திப் பார்த்தார். "தோல்லதான் பொக. உள்ள போயிருக்காது. வெட்டிப் பாக்கச் சொல்லு," என்று கருப்பட்டி வெட்டும் கத்தியைத் தந்தார். மெல்லிய கத்தி, கூர் நன்றாக இருந்தது.

அம்மா பழத்தின் தலையைத் தட்டிவிட்டு, தோலை மேலிருந்து கீழாகச் சீவினாள். சீவிய தோலைத் தூரமாகப் போட்டாள். இப்போது பழம் முழுக்கக் கண்கள். நாம் வீட்டில் என்ன செய்வோம், கண் போகிற அளவுக்கு ஆழமாக வெட்டி எறிவோம். பாதிச் சதை போய்விடும். அம்மா பழத்தை இடது கையில் நிறுத்திப் பிடித்தாள். கண்கள் சாய்வாக வரிசை வரிசையாக ஓடுவதைப் பார்த்தாள். அவள் தினமும் முந்நூறு மரத்தில் சாய்வாகக் கோடு இழுக்கிறவள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நூல் இடம்தான் இருக்கும். கத்தி அதைத் தாண்டினால் மரம் கெட்டது. அதற்கு வெளியே நின்றால் பால் வராது. அந்த நூல் அவள் கைக்குத் தெரியும்.

கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு. ஒரு வரிசைக் கண்கள் நாடா மாதிரி கழன்று விழுந்தன. பழத்தைத் திருப்பினாள். இன்னொரு இழுப்பு. முடிந்தபோது அன்னாசி, திருகு வேலை செய்த தூண் மாதிரி நின்றது. ஒரு கண் மிச்சமில்லை, சதையும் போகவில்லை.

பாணிக்காரம்மா ஒரு துண்டைத் தின்றார். "பொக இல்ல," என்றார். இன்னொன்றைத் தின்றார். "ஆனா புளிப்பு." அவரே எழுந்து போய் உப்பும் கொச்சிக்காய்த்தூளும் வாங்கி வந்தார்.

இரண்டாவது பழத்தை வெட்டும்போதே ஆள் நின்றது. முதலில் வேடிக்கை பார்க்கத்தான். காலையில் மோந்துவிட்டுப் போன குடைக்காரரும் வந்தார், அப்புறம் வருவதாகச் சொன்னவர்தானே. நான் ஈர்க்கில் துண்டைக் குத்தி, உப்பும் காரமும் தொட்டுக் கொடுத்தேன். வாய் வலிக்கச் சிங்களத்தில் கூவினேன். அம்மா நிமிரவே இல்லை. சாய்த்து இழுப்பாள், திருப்புவாள், இழுப்பாள். "இந்தக் கையப் பாரு," என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டினார். "பால் வெட்டுற கை அது."

கள்ளுக்கடைக்குப் போன துண்டுகள்தான் அதிகம். புளிப்பும் காரமும் கள்ளுக்கு அப்படி ஒத்துப்போனது. முதலில் ஒருவர் வந்து வாங்கிப் போனார். அவரைப் பார்த்து நாலு பேர். பிறகு கடையே எழுந்து வந்த மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தோடு பெரியப்பாவும் வந்தார். யாரோ ஒரு பொம்பளை வித்தை காட்டுகிறாள் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். தோள்களை விலக்கி எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்தில் நின்ற குடிகாரர், "யாரு இது?" என்று கேட்டார்.

பெரியப்பா சிங்களத்தில், "எங்க வீட்டு ஆளு," என்றார்.

அம்மா காதில் அது விழுந்திருக்கும். அவ்வளவு சிங்களம் அவளுக்குத் தெரியும். ஒரு பெரிய துண்டாக வெட்டி என்னிடம் நீட்டி, "ஒங்க பெரியப்பாவுக்குக் குடு," என்றாள். அவர் வாயில் போட்டு, கள்ளுக்கு மூடுகிற மாதிரியே கண்ணை மூடினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்னு சொல்லு," என்றார்.

சூரியன் உச்சிக்கு வந்து கொஞ்ச நேரத்தில் நாற்பதும் முடிந்தது. பாணிக்காரம்மாவின் கத்தியை அம்மா காண் தண்ணீரில் கழுவப் போனாள். அதில் வேண்டாம் என்று அவர் தன் போத்தல் தண்ணீரைத் தந்தார். அம்மா ரம்புட்டான் வாங்கினாள், ஒரு போத்தல் பாணி வாங்கினாள், தங்கச்சிக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கினாள். அன்னாசித் தோலைச் சாக்கில் கட்டிக்கொண்டாள், றப்பர் கன்றுக்கு எருக்குப்பையாகப் போடலாம் என்று.

திரும்பும் வழியில் பெரியப்பா முன்னாலிருந்து சொன்னார். "முழுப் பழம் ஒன்னும் விக்கல. அறுத்து வித்தா அது வேற கணக்குன்னு சொல்லு."

அம்மா கொஞ்ச தூரம் நடந்தாள். "தோலு மட்டுந்தான் திரும்பி வருது. வேணும்னா தோல லொறிக்காரனுக்குக் குடுக்கச் சொல்லு."

நான் சொல்வதற்குள் அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, சாக்கு கனத்ததா, பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. சாக்கில் தோல்தான் இருந்தது.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார். வெறுங்கூடையைப் பார்த்ததும் பல் தெரிந்தது. "நான் சொன்னன்ல. பொகைவீடுன்னா சும்மாவா."

"என்னாங்க," என்றாள் அம்மா. "இனிமே பழத்த ஒங்க பொகைவீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. வாசம் புடிக்குதாம்."

அப்பா சாக்கிலிருந்து ஒரு தோலை எடுத்து மோந்தார். புரட்டிப் போட்டு மோந்தார். "என்னா வாசம்? ஒரு வாசமும் இல்லியே."

அவர் சாகிற வரைக்கும் அதை நம்பவில்லை. கித்துள்காரர் என் சிரட்டையில் ஊற்றாததற்கும் அந்த வாசம்தான் காரணம் என்று எனக்குப் பிடிபட எத்தனையோ வருசம் ஆனது. கல்யாணமாகி வேறு ஊரில் இருந்துவிட்டு ஒருநாள் லயத்துக்கு வந்தபோது, வாசலில் கால் வைத்ததும் அந்த வாசம் முகத்தில் அறைந்த மாதிரி அடித்தது. சாதி பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த மனுசன் அவர்களில் ஒருவர் இல்லை. அவரிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவரும் இல்லை.

திங்கட்கிழமை லொறி வந்தது. ஆனால் லயத்துக்கு வரவில்லை. பெரியப்பா விடியவே சந்திக்கு இறங்கிப்போய் வழியில் நிறுத்திவிட்டார். நான் கடைக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். லொறிக்காரன் ஏசிக்கொண்டிருந்தான். பேச்சு மாறுகிற ஆள் என்றான். இன்னும் என்னவெல்லாமோ சொன்னான். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "பழம் என்னோடது இல்ல தம்பி. எந்தம்பி பொஞ்சாதியோடது. அத மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல," என்றார். லொறி திரும்பிப் போனது. கள்ளின் மயக்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து இறங்கத் தெரியாமல்தான் அன்றைக்கு வாசலில் வந்து நின்றிருக்கிறார். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அவர் கெட்டவர்.

அடுத்த ஞாயிறு செடியிலேயே பழுத்த பழத்தோடு போனோம். பெரியப்பா தூக்கி வந்தார், இறக்கி வைத்தார், பின்னால் போய்விட்டார். ரோட்டோரத்தில் நாங்கள் சாக்கை விரிக்கப் போனபோது பாணிக்காரம்மா கையைத் தட்டினார். தன் போத்தல்களை ஒரு பக்கம் நெருக்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்கிற அளவு தரை, கூட்டிச் சுத்தமாக இருந்தது.

"வாங்க, இந்தப் பக்கம் வாங்க," என்றார்.

அம்மா காணைத் தாண்டினாள். சாக்கை விரித்தாள். பழத்தை அடுக்கினாள்.

வரிக்காரர் சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். புது முகத்தைப் பார்த்து, யார் இது என்று கேட்டார். பாணிக்காரம்மா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "இது அவங்க எடம்," என்றார். அவர் ஒரு சீட்டைக் கிழித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இதுல நம்ம எடம்னு போட்டிருக்கா?"

அதில் ஒரு இலக்கமும் வரிக்காசும்தான் இருந்தது.

"போட்டிருக்கும்மா," என்றேன்.